ஐந்தாம் வளைவில் எரியாத விளக்கு

அத்தியாயம் 9

ஹாரனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பல் டாக்டர் வாயைத் திற என்றபோதும் பேசிக்கொண்டே திறந்தவன் அவன். அன்று காலையிலும் பேசிக்கொண்டுதான் வந்தான். ஆனால் தான் அடித்த ஜோக்குக்கு அவனே சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த சர்வேயர் அதைக் கவனித்துவிட்டார்.

"அக்கா போன் பண்ணாங்களா?"

"பண்ணா சார். மாமா நேத்து வரைக்கும் சரியாத்தான் போட்டேன்னு சொல்லிட்டிருந்தாராம். இன்னிக்கு, சரியாத்தான் போட்டேனான்னு அவளையே கேக்கறாராம். இந்த ரேட்டுல போனா சாயங்காலம் தப்பாத்தான் போட்டேன்னு கையெழுத்துப் போட்டுடுவாரு. என் மாமா எந்த வேலையையும் பாதியில விடற ஆள் இல்ல."

மாமா என்றது அக்கா புருஷனை. ரேஸ் கார்களுக்குப் பிரேக் வேலை பார்க்கும் மெக்கானிக். போன ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் பயிற்சி நடந்தபோது, அவர் தயார் செய்த ஸ்போர்ட்ஸ் கார் ஐந்தாம் வளைவில் திரும்பாமல் நேராகச் சுவரில் போய் மோதியது. ஓட்டியவன் அங்கேயே செத்துப்போனான். அவன் மெக்கானிக்கின் முதலாளி மகன். முதலாளியும் பழைய பந்தயக்காரர்தான். சாம்பியன் என்று சொன்னால்தான் ஊருக்கு அவரைத் தெரியும்.

மறுநாள் போலீஸ் நசுங்காமல் தப்பிய வலது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தது. உள்ளே, சக்கரத்தோடு சுற்றும் தட்டை அழுத்தி நிறுத்தும் பிரேக் பேடு தப்பானதாக இருந்தது. மெக்கானிக்கை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவர் என்று நினைக்கவேண்டாம். நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, எப்படி நொறுங்கியது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நசுங்கிய தகரம் பொய் சொல்லாது, நசுங்கிய மனுஷன்தான் சொல்லுவான் என்பது அவருடைய அனுபவம்.

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கக் கொட்டகையில் அந்தக் கார் கிடந்தது. இடது முன்பக்கம் உருத்தெரியாமல் கூழாகியிருந்தது. வலது முன்சக்கரம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். தூங்கி நாளான கண்கள்.

"சீக்கிரம் பார்த்துட்டுக் கிளம்புங்க. உங்க ஆளுக்கே தன் மேல சந்தேகம் வந்தாச்சு. நீங்க எதுக்கு இன்னும் நம்பிட்டிருக்கீங்கன்னு தெரியல."

"அவருக்கு அன்னிக்குக் காய்ச்சல் மேடம்" என்றான் ஹாரன். "டேபிள் மேல ரெண்டு பெட்டி இருந்திருக்கு. அதான் குழம்பறாரு."

இரண்டு பெட்டிகளின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் காரின் டிஸ்க் சாதாரண இரும்புத் தட்டு இல்லை, கார்பன் செராமிக். எடை குறைவு, எவ்வளவு சூட்டுக்கும் அசராது. ஆனால் கொஞ்சம் பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி, தனக்கென்று செய்த பேடைத் தவிர வேறெதோடும் ஒத்துப்போகாது. இரும்புக்குச் செய்த முரட்டுப் பேடை அதில் மாட்டினால் தட்டையே உழுதுவிடும், பிரேக் கைவிட்டுவிடும். செத்துப்போன பையனுக்கு அந்த முரட்டுப் பேடுதான் பிடித்திருந்தது. செராமிக் பேடு சூடேறும்வரை தூங்குகிறது, மிதித்த மாத்திரத்தில் கடிக்கவேண்டும் என்று வாரம் முழுக்க மெக்கானிக்கோடு மல்லுக்கட்டினான். மெக்கானிக் முடியவே முடியாது என்றார். பையன் கோபத்தில் அந்தப் பெட்டியையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். காய்ச்சலோடு வேலை பார்த்தவர் எந்தப் பெட்டியில் கை வைத்தார் என்பதுதான் வழக்கு.

சர்வேயர் உறையிலிருந்த பேடை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்தில், இரும்புத் தகட்டின்மேல் ஒட்டிய கறுப்புப் பாளம்.

"இது புதுசு இல்லையே."

"பழசுதான். பெட்டியில பழசைப் போட்டு வச்சிருப்பாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "தப்பான பேடு. அதுலயும் தேஞ்சது. கேஸ் இன்னும் கெட்டியாகுது."

சர்வேயர் ஹாரனிடம் திரும்பினார். "செருப்பைக் கழட்டு."

"எதுக்கு சார்? அடிக்கறதா இருந்தா உங்களோடதுலயே அடிங்க. என்னோடது வார் அறுந்து கிடக்கு."

"என்னோடதைப் போட்டுப் பாரு."

ஹாரன் போட்டுப் பார்த்தான். இரண்டடி நடந்தான். "சரிப்படல சார். அளவு என்னமோ ஒண்ணுதான். ஆனா உங்க கட்டைவிரல் பள்ளம் ஒரு இடத்துல இருக்கு, என் கட்டைவிரல் வேற இடத்துல இருக்கு."

"அவ்வளவுதான். மேடம், இந்தப் பேடும் வேற ஒருத்தன் செருப்பு. மேல் விளிம்பைப் பாருங்க."

பேடின் மேல் ஓரத்தில், வயலுக்கு வரப்புக் கட்டினதுபோல் ஒரு மேடு ஓடியது. மற்ற இடமெல்லாம் தேய்ந்திருக்க, அது மட்டும் தேயாமல் நின்றது.

"தட்டு உரசின இடம் தேஞ்சிருக்கு. உரசாத இடம் வரப்பா நிக்குது. அப்ப இதைத் தேய்ச்சது, பேடோட முழு முகத்தையும் தொடாத சின்னத் தட்டு. இந்தக் காரோட தட்டைப் பாருங்க. பேடை முழுசா மூடுது. இதுல ஓடியிருந்தா வரப்பு எங்கேர்ந்து வரும்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "வேற கார்ல தேஞ்ச பேடை எடுத்து இதுல மாட்டியிருக்கலாமே."

"மாட்டி ஒரே ஒரு தடவை மிதிச்சிருந்தாலும், முதல்ல தட்டைத் தொடறது இந்த வரப்புதான். பளபளன்னு மின்னியிருக்கணும். பழைய தூசி அப்பிக் கிடக்கு. தட்டுலயும் ஒரு கீறல் இல்ல. இந்தப் பேடு இந்தக் கார்ல ஒரு தடவைகூடப் பிரேக் பிடிக்கல. வண்டி இனிமே ஓடவே ஓடாதுன்னு ஆனதுக்கு அப்புறம் மாட்டினது."

"ஓரத்துல அரம்கூடப் போடல சார்" என்றான் ஹாரன் அவசரமாக. "மாமா எந்தப் பேடையும் ஓரத்தை மழுக்காம மாட்ட மாட்டாரு. அக்கா கல்யாணத்தன்னிக்குக்கூட நகத்துல அரத்தூளோட நின்னாரு."

விபத்து நடந்த அன்று காரைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தது சாம்பியனின் ஷெட்டில். போலீஸ் வந்து சீல் வைத்தது மறுநாள்தான். இடையில் அங்கே யார் வந்து போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை. அந்தக் கூச்சம் அவர் முகத்தில் தெரிந்தது.

"சரி, யாரோ மாத்தினாங்கன்னே வச்சுக்குவோம். ஆனா கார் நிக்கலையே. பிரேக் பிடிக்கவே இல்லைன்னு தடத்துல நின்ன கொடிக்காரர் சொல்றாரு. உங்க ஆள் வேற எதையாவது சொதப்பி, அதை மறைக்க அவர் சைடு ஆளுங்களே இதை மாத்தியிருந்தா? அவர் மாட்டின பேடு எங்க? அது வரட்டும். அதுவரைக்கும் அவர் உள்ளதான்."

நியாயமான கேள்வி. அதனாலேயே ஹாரனுக்கு எரிச்சலாக இருந்தது.

பந்தயத் தடம் காலியாகக் கிடந்தது. ஐந்தாம் வளைவுச் சுவரில் கறுப்பாக ஒரு தேய்ப்பு. அதைக் கழுவ யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. கொடிக்காரர் வளைவுக்கு முன்னால், வண்டிகளுக்குக் கொடி காட்டும் தன்னுடைய மேடையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டம் இல்லாத நாளிலும் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதிலிருந்தே அவர் நிலைமை தெரிந்தது.

"அந்த வெள்ளைப் பலகை இருக்குதில்லைங்களா, அதுகிட்ட வந்தா எல்லாரும் பிரேக் போடுவாங்க. என்னைத் தாண்டிப் போறப்ப வண்டியோட முதுகுதான் எனக்குத் தெரியும். சிவப்பு விளக்கு பளிச்சுன்னு எரியும். அன்னிக்கு எரியவே இல்லைங்க. இஞ்சின் சத்தமும் குறையல. அதே வேகத்துல போயி..." அவர் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "அதான் போலீஸ்ல பிரேக் ஃபெயிலியர்னு சொன்னேன்."

"விளக்கு எரியலைங்கறது நிச்சயமா?"

"என் புள்ளை மேல சத்தியமா."

சர்வேயர் எழுந்து தன் காரில் போய் உட்கார்ந்தார். இஞ்சினைக்கூட ஸ்டார்ட் செய்யவில்லை. "ஹாரன், பின்னாடி போய் நில்லு. என்ன தெரியுது?"

"உங்க வண்டியைக் கழுவி மாசக்கணக்காச்சுன்னு தெரியுது."

சர்வேயர் பிரேக்கை மிதித்தார். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. காலை எடுத்தார், அணைந்தது. ஹாரனுடைய வாய் பாதி திறந்தபடி நின்றது.

"விளக்குக்கு ஸ்விட்ச் இருக்கறது பெடல்ல. பேடு நல்லதா, கெட்டதா, இருக்கா, இல்லையா, விளக்குக்கு அதைப்பத்திக் கவலை இல்ல. கால் பட்டா எரியும். பிரேக் பிடிக்காத வண்டில மாட்டிக்கிட்டவன் என்ன பண்ணுவான்? உயிர் பயத்துல மிதி மிதின்னு மிதிப்பான். விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சிருக்கும்."

கொடிக்காரருக்கு முகம் வெளிறிப்போனது. "அப்ப அந்தத் தம்பி மிதிக்கவே இல்லைங்களா? நான் சொன்னதை வச்சா அந்த மெக்கானிக்கைப் பிடிச்சு உள்ள போட்டாங்க?"

"நீங்க பார்த்ததைச் சொன்னீங்க. அர்த்தம் பண்ணிக்கிட்டதுதான் தப்பு. தப்புப் பண்ணினவங்க நிறையப் பேர் இருக்காங்க, வரிசையில நீங்க கடைசி."

திரும்பி வரும்போது ஹாரன் மெதுவாகக் கேட்டான். "வேணும்னே போய் மோதிட்டானா சார்?"

"சாகப் போறவன் எந்தப் பேடு நல்லாக் கடிக்கும்னு வாரம் முழுக்கச் சண்டை போடுவானா? அவன் அடுத்த பந்தயத்தை ஜெயிக்கப் பார்த்தவன்."

"அப்படிப்பட்ட சூரன்தான் ரோட்டுல ஸ்டீயரிங்கைத் தொட மாட்டான் சார். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. தடத்துல பறப்பான். தெருமுனைக் கடைக்குப் போகணும்னா அப்பாதான் ஓட்டணும். ஒரு வருஷமா அப்படித்தானாம். உலகத்துலயே சாம்பியனை டிரைவரா வச்சிருந்த ஒரே ஆள் அவன்தான்."

கார் சட்டென்று நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை விடச் சத்தமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"ஜோக்குக்கு வச்சிருந்தேன் சார்."

சாம்பியனின் ஷெட் ஆஸ்பத்திரி அறை மாதிரி சுத்தமாக இருந்தது. ஸ்பேனர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கின. சாம்பியன் நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரச் சொன்னார், தான் உட்காரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனிதரின் வீட்டில் கேள்வி கேட்பது ஹாரனுக்கு என்னவோபோல் இருந்தது. அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது அவனுக்கு. ஷெட்டுக்குள் யார் நுழைந்திருப்பார்கள் என்று மனசுக்குள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஓரத்தில் ஒரு பழைய சிவப்புக் கார் நின்றது. செத்தவன் ஓட்டினதற்கு அண்ணன்போல, அதே கம்பெனி, பழைய மாடல்.

"இதுலதான் நான் ஜெயிச்சேன்" என்றார் சாம்பியன். "இரும்பு டிஸ்க் காலத்து வண்டி."

"காலிபர் ரெண்டு வண்டிக்கும் ஒண்ணுதான், இல்ல?" சர்வேயர் டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தக் காரின் முன்னால் குந்தினார். பேடுகளைக் கவ்விப் பிடிக்கும் தாடைதான் காலிபர். சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையில் வெளிச்சம் விட்டால் உள்ளே தெரியும். முதலில் இடது பக்கம் பார்த்தார். பிறகு வலது பக்கம் போனார். அங்கே அதிக நேரம் குந்தியிருந்தார்.

"ஹாரன், வந்து பாரு. இடது பக்கம் பழைய பேடு. வரப்பு தெரியுதா?"

"தெரியுது சார்."

"வலது பக்கம்?"

ஹாரன் பார்த்தான். துருவேறிய இரும்புத் தட்டை இரண்டு புத்தம்புதுப் பேடுகள் கவ்விக்கொண்டிருந்தன. அவற்றின் ஓரங்கள் அரம் போட்டு மழுக்கப்பட்டிருந்தன.

அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சாம்பியனைப் பார்க்கவேண்டியிருக்கும்.

"வேற யாராவது மாத்தியிருந்தா, கழட்டினதைச் சாக்கடையில போட்டுட்டுப் போயிருப்பான்" என்றார் சர்வேயர். குரலில் வெற்றி எதுவும் இல்லை. "நீங்க ஸ்பேனரோட வளர்ந்தவர். காலிபரைக் காலியா விட்டா, யாராவது தெரியாம பெடலை மிதிச்சதும் பேடைத் தள்ற பிஸ்டன் வெளிய வந்துடும், ஆயில் கொட்டிடும். பையன் செத்த அன்னிக்கும் அந்தக் காலி வாயை அப்படியே விட உங்களுக்குக் கை வரல. இதோட பழைய பேடு மகன் வண்டிக்குப் போச்சு, மகன் வண்டியோட பேடை இதுல மாட்டினீங்க. அவன் கால் ஏன் பிரேக்குக்குப் போகலைன்னு நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

சாம்பியன் அப்போதுதான் உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை, தரையில்.

"வலிப்பு" என்றார். "போன வருஷம் ரெண்டு தடவை வந்துச்சு. சத்தமே இருக்காது. கண்ணு திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். வெளிய சொன்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்கன்னு அழுதான். மாத்திரை போட்டுக்கிட்டான். அப்புறம் வரல. வரவே இல்லைங்க. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"ரோட்டுல மட்டும் ஓட்ட விடல."

"ரோட்டுல மத்தவங்க இருக்காங்க. யார் மேலயாவது ஏத்திட்டான்னா? தடத்துல அவன் மட்டும்தானேன்னு..." அவர் நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலும். "பிரேக் நல்லா இருந்ததுன்னு தெரிஞ்சா, வேற காரணம் தேடுவாங்க. அவன் அம்மாவுக்கு வலிப்பு விஷயமே தெரியாது. தெரிஞ்சே வண்டியில ஏத்தினது நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த வீட்டுல இருப்பேன்?"

ஹாரன் எழுந்தான். அவன் வாயில் அப்போது ஜோக் எதுவும் இல்லை.

"தடத்துலயும் இன்னொருத்தர் இருந்தாருங்க" என்றான். "எங்க மாமா இருந்தாரு."

சாம்பியன் தலையைக் குனிந்துகொண்டார். சர்வேயர் சுவரிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"நீங்களே கழட்டுங்க. மாட்டின கையே கழட்டட்டும்."

சாம்பியனோடு ஸ்டேஷனுக்குப் போனபோது இன்னும் வெயில் இருந்தது. இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கை வெளியே வரவழைத்தார். ஹாரனுடைய மாமா அந்த ஒரு வாரத்தில் பாதியாகியிருந்தார். அவர் ஹாரனைப் பார்க்கவில்லை. சாம்பியனைத்தான் பார்த்தார். பார்த்ததும் விறுவிறுவென்று வந்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முதலாளி, என்னை மன்னிச்சிடுங்க. தம்பியை நான்தான் கொன்னுட்டேன். எந்தப் பெட்டியை எடுத்தேன்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. நான்தான் தப்பா மாட்டியிருக்கேன். எழுதிக் குடுத்துடறேன். உங்க மூஞ்சியைப் பார்த்து ஒரு தடவை சொல்லிடணும்னு இருந்தேன்."

ஹாரனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. நின்றான்.

சாம்பியன் மறு கையில் துணியில் சுற்றி வைத்திருந்ததை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். இரண்டு பேடுகள். மெக்கானிக் ஒரு கையால் முதலாளியைப் பிடித்தபடியே, மற்றக் கையால் ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் தானாகவே ஓரத்துக்குப் போனது. ஒரு பக்கம் தடவினார். திருப்பி மறுபக்கமும் தடவினார்.

"இது நான் அரம் போட்டது."

அவர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"இது செராமிக் பேடு. நான் மாட்டினது இதுதான். அப்ப நான் சரியாத்தான் போட்டேனா முதலாளி?"

"சரியாத்தான் போட்ட" என்றார் சாம்பியன்.

மெக்கானிக்கின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. ஒரு நிமிடம் அது அப்படியே இருந்தது. பிறகு அவர் பேடைப் பார்த்தார், அதைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். சாம்பியனின் ஷெட்டில் கை துடைக்கும் துணி அது. அவரே எத்தனையோ முறை துவைத்துக் காயப்போட்டது.

"இது எப்படி முதலாளி உங்ககிட்ட?"

சாம்பியன் சொன்னார். எதையும் விடாமல், யாரையும் பார்க்காமல், மகனுக்கு வந்த முதல் வலிப்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்ளக்கூட மறந்து நின்றார்.

அவர் முடித்தபோது, பிடித்திருந்த கையை மெக்கானிக் மெல்ல விட்டார்.